வாராவாரம் வந்த மச்சான்

எனக்குப் பேச்சு அதிகம் வராது. வேலை பெயிண்டிங். சுவர் பதில் சொல்லாது. நானும் கேள்வி கேட்பதில்லை. ஒத்துப்போகிறது.

என் பேரில் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ரவுடி ஷீட் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வந்தது அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். இரண்டு டீமுக்கும் சண்டை வந்தது. ஒருவனுக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்ததும் எல்லாரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. நான் அவுட் ஆகவில்லை, எதற்கு ஓடவேண்டும்? கையில் பேட் இருந்தது. ஆயுதத்தோடு நின்றான் என்று எழுதிக்கொண்டார்கள்.

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. மண்டை உடைந்தவனே கூண்டில் ஏறி, அடித்தது இவன் இல்லை, இவன் ரன் எடுக்க ஓடிக்கொண்டிருந்தான் என்று சொன்னான். ஜட்ஜ் விடுதலை செய்தார். கேஸ் முடிந்தது. ஷீட் முடியவில்லை.

ரவுடி ஷீட் என்றால் தண்டனை இல்லை. போலீஸ் நம் மேல் ஒரு கண் வைத்திருக்கும், அவ்வளவுதான். வீடு மாறினால் சொல்லவேண்டும். வெளியூர் போனால் சொல்லவேண்டும். தேர்தல், பண்டிகை என்றால் ஸ்டேஷனில் போய் வரிசையாக நிற்கவேண்டும். அதற்குப் பரேட் என்று பேர். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவார். முடி வளர்த்தவனை வெட்டச் சொல்லுவார். மீசையை முறுக்கியவனை இறக்கச் சொல்லுவார். என் முன்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சட்டையில் பெயிண்ட் இருக்கிறது என்பார். ஆமாம் சார் என்பேன்.

பரேடைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீடுதான் கஷ்டம். வாரத்துக்கு ஒரு தரம், அந்தப் பக்கம் ரோந்து பார்க்கிற பீட் கான்ஸ்டபிள் வருவார். நான் இருக்கிறேனா என்று பார்ப்பார். என்னைச் சுவரோரம் நிற்கவைத்துப் போனில் ஒரு போட்டோ எடுப்பார். அதை ஸ்டேஷன் வாட்ஸப் குரூப்பில் போடுவார். போய்விடுவார். தொந்தரவு ஒன்றும் இல்லை. ஆனால் காக்கிச் சட்டை வாசலில் நிற்பதைத் தெரு பார்க்கும். வீட்டு ஓனரும் பார்ப்பார். அடுத்த வாரம் ஓனருக்கு எங்கிருந்தோ ஒரு பையன் வந்துவிடுவான். "பையன் துபாய்லேர்ந்து வர்றாம்ப்பா, வீடு வேணும்." பெங்களூர் ஜீவனஹள்ளியில் நாங்கள் இருந்த வீட்டு ஓனர்கள் எல்லாருக்கும் துபாயில் பையன் இருந்தான்.

கடைசியில் காக்ஸ் டவுனில் ஒரு வீடு கிடைத்தது. பெரிய பழைய வீடு. அதன் பின்பக்கம் எங்களுக்கு இரண்டு ரூம். முன்னால் ஓனர் இருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். தெருவே அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

என் மனைவி சமையலறையைப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே குழாய். வெயில் உள்ளே விழுந்தது. பொண்ணுக்கு ஸ்கூல் நடந்து போகிற தூரம்.

"இன்னாங்க, இந்த வீட்டை வுட்டு நான் வரமாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள்.

நான் புது அட்ரஸை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே கான்ஸ்டபிள் வந்தார். இந்தப் பக்கத்துக்குப் புது ஆள். மண்டியா பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து விழும். பைக்கை கேட்டருகில் நிறுத்தினார். ஆன்ட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யாரு வேணும்?" என்றார் ஆன்ட்டி.

கான்ஸ்டபிள் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணா, வாங்க. இப்பதான் வழி தெரிஞ்சுதா? உள்ள வாங்கண்ணா."

அவர் அவளைப் பார்த்தார். ஆன்ட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அவர் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

உள்ளே வந்ததும் மெல்லக் கேட்டார். "ஏனம்மா இது? நான் எப்ப உனக்கு அண்ணா ஆனேன்?"

"இப்பதான் சார். வீடு போயிடும் சார்."

அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். "ஆயித்து, சரி. ஆனா அண்ணான்னு கூப்ட்டுட்டு தீபாவளிக்கு சீர் கேக்கக்கூடாது."

போட்டோ எடுத்தார். அதற்குள் ஆன்ட்டி டம்ளரில் காப்பியோடு வந்துவிட்டார். மச்சான் முதல் தடவை வந்திருக்கார், வெறும் வாயோடு அனுப்பக்கூடாதாம். அவரும் குடித்தார். நல்ல காப்பி. அடுத்த வாரம் காப்பி நேரம் பார்த்து வந்தார்.

இப்படித்தான் எனக்கு ஒரு மச்சான் வந்தார்.

ஆன்ட்டிக்குச் சந்தேகம் வராமல் இல்லை. என் மனைவியைக் கேட்டார்.

"உங்க அண்ணன் ஏம்மா கன்னடம் பேசறார்?"

"மண்டியா பக்கம் பெரியம்மாவுக்குத் தத்து குடுத்துட்டாங்க ஆன்ட்டி. அங்கயே வளந்துட்டாரு."

இதைக் கேட்டுக் கான்ஸ்டபிளுக்குக் கோபம். "அண்ணா ஆக்கின, பரவாயில்ல. தத்தும் குடுத்துட்டியா? நம்ம அம்மா கேட்டா அழும்."

இன்னொரு நாள் ஆன்ட்டி நேராக அவரையே கேட்டார். "வாராவாரம் எதுக்கு போட்டோ?"

"ஊர்ல அம்மா கேக்குது ஆன்ட்டி. மருமகன் நல்லா இருக்காரான்னு."

"மருமகனை மட்டும் எடுக்கிறீங்க. தங்கச்சியை எடுக்கலையே?"

"தங்கச்சி மேல டவுட் இல்ல ஆன்ட்டி."

ஆன்ட்டி சிரித்தார். என் மனைவி சிரித்தாள். நான் சுவரோரம் நின்றேன். போட்டோவில் நான் சிரிக்கமாட்டேன். அது ஸ்டேஷனுக்குப் போகிற போட்டோ.

கொஞ்ச நாளில் ஆன்ட்டி அவரிடம் வேலை சொல்ல ஆரம்பித்தார். கேட்டுக்கு முன்னால் எவனோ தினமும் காரை நிறுத்திவிட்டுப் போவான். ஆன்ட்டி எழுதி ஒட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். மச்சான் ஒரு தரம் பேசினார். கார் போய்விட்டது. ஆன்ட்டி இதை சர்ச்சில் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக் குடித்தனக்காரர் மச்சான் போலீஸ், ரொம்ப மரியாதையான பிள்ளை, ஷூவைக் கழற்றாமல் உள்ளே வரமாட்டார் என்று. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்ட்டியின் சிநேகிதிகள் வருவார்கள். ஒருவருக்கு சைக்கிள் காணோம். ஒருவருக்குப் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தம். கான்ஸ்டபிள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார்.

போகும்போது என்னிடம் சொன்னார். "நான் உன்னைக் கண்காணிக்க வர்றேன். இங்க வந்தா நம்ம டியூட்டி டபுள் ஆகுது."

எனக்கும் பயம் இருந்தது. தெரிந்தால் வீடு போகும். இந்த ஓனருக்கு வெளிநாட்டில் நிஜமாகவே ஒரு பையன் இருக்கிறான்.

அந்தச் சமயம் ஒரு வக்கீலம்மா ஆபீசில் வேலை கிடைத்தது. சின்ன ரூம். சின்ன வயசு அம்மா. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். முதல் கோட் பாதியில் இருக்கும்போது எனக்கு போன் வந்தது. பரேட். ரோலரைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"அண்ணா, பாதி சுவரை வுட்டுட்டு எங்க போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு."

"எதுக்கு?"

"கூப்பிட்டாங்க."

"எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"ஷீட் இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கேஸ் என்ன ஆச்சு?"

"விடுதலை."

"அப்புறம் வேற கேஸ்?"

"இல்லை."

"ஷீட் ஓப்பன் பண்றதுக்கு முன்னாடி உங்களுக்கு நோட்டீஸ் குடுத்தாங்களா? உங்க பக்கம் என்னன்னு கேட்டாங்களா?"

"இல்லை."

"கேக்கணும்ணா. சும்மா திறந்துட முடியாது. திறந்தாலும் காலம் பூரா வெச்சிருக்க முடியாது. மூடச் சொல்லி மனு குடுக்கலாம். நீங்க ஏன் இத்தனை வருஷம் குடுக்கல?"

"தெரியாது."

பரேடுக்குப் போய்விட்டு வந்து மீதிச் சுவரை அடித்தேன். அடிக்க அடிக்க அவர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். போலீஸ் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்கலாம். பிடித்தால் காரணம் சொல்லவேண்டும். வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. நமக்கு எதிராக நாமே சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாயைத் திறக்காமல் இருக்கலாம். அது உரிமை.

கடைசி விஷயம் எனக்குப் பிடித்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"பேசாம இருக்கிறது உரிமையாம்."

"அது போலீஸ்கிட்ட. என்கிட்ட இல்ல" என்றாள்.

வக்கீலம்மா மனுவைக் கன்னடத்தில் எழுதினார். பீஸ் வேண்டாம், அந்த மூலையில் ஈரம் ஏறுகிறது, அதை மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றார். பார்த்துக் கொடுத்தேன். மனு பெரிய ஆபீசருக்குப் போனது. அப்போதுதான் இன்னொன்றைச் சொன்னார்.

"விசாரணைக்கு வருவாங்கண்ணா. நீங்க எப்படி இருக்கீங்கன்னு அக்கம்பக்கத்துல கேப்பாங்க. முக்கியமா வீட்டு ஓனர்கிட்ட."

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. ஷீட் போகவேண்டும் என்றால் ஆன்ட்டிக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் வீடு போகலாம். ஷீட் இருந்தால் இந்தப் பொய்யைக் காலம் பூரா இழுக்கவேண்டும்.

"நான்தான அண்ணான்னு ஆரம்பிச்சேன். நானே சொல்றேன்" என்றாள்.

அவள் போனாள். ஆன்ட்டி ரோஸ் குக்கீஸ் என்கிற அச்சு முறுக்கு கொடுத்தார். தின்றுவிட்டு வந்தாள். மறுநாளும் போனாள். கேக் கொடுத்தார். அதையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வாய்ல கேக்கை வெச்சா எப்படிங்க பேசறது?"

கான்ஸ்டபிளுக்கு எங்களைவிடப் பயம். விசாரணைக்கு அவருடைய எஸ்.ஐ. வரப்போகிறார். பீட் போன வீட்டில் அண்ணன் வேஷம் போட்டு வாராவாரம் காப்பி குடித்தது தெரிந்தால்?

"நன்ன கதே முகீத்து" என்றார். அவர் கதை முடிந்ததாம். "வெயில்ல பந்தோபஸ்து டியூட்டி போட்டுடுவாங்க. காப்பியும் இல்ல, நிழலும் இல்ல. மொதல்ல ஆன்ட்டிகிட்ட சொல்லு. நீ சொல்லு. உன் ஒய்ஃப் சொன்னா இன்னொரு தத்து குடுத்துடும்."

ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி சர்ச்சிலிருந்து வந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"என்ன தம்பி, குழாய் ஒழுகுதா?"

"இல்லை."

ஆன்ட்டி பீன்ஸை நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அவர் என் மச்சான் இல்லை ஆன்ட்டி."

"யாரு?"

"போலீஸ்."

"போலீஸ் இல்லையா?"

"போலீஸ்தான். மச்சான் இல்லை."

கத்தி நின்றது. "பின்ன எதுக்கு வர்றார்?"

"என்னைப் பாக்க."

"உன்னைப் பாக்க என்ன இருக்கு?"

"ரவுடி ஷீட் இருக்கு."

ஆன்ட்டி என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"உன் பேர்லயா?"

"ஆமா."

எல்லாவற்றையும் சொன்னேன். கிரிக்கெட், பேட், கோர்ட், பரேட், மனு. துபாய்ப் பையன்களையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசியது அதுதான். முடித்ததும் தொண்டை வறண்டுவிட்டது.

"அந்த ஷீட்டைத் திறக்கும்போது உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?"

"இல்லை. நோட்டீஸ் குடுத்திருக்கணுமாம்."

"ஒரு சின்ன ஆபரேஷன்னாகூட நாங்க கேட்டுக் கையெழுத்து வாங்கிட்டுதான் செய்வோம்" என்றார், பீன்ஸிடம் சொல்கிற மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்தார். "சர்ச்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே. என் முகத்தை எங்க வெச்சுக்கறது? நீ போ தம்பி. நான் யோசிக்கணும்."

அந்த வாரம் ஆன்ட்டி எங்களிடம் பேசவில்லை. கான்ஸ்டபிள் வந்தார். ஆன்ட்டி அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். காப்பி வரவில்லை. அவர் ஷூவைக் கழற்றவும் தயங்கினார், கேட்டருகிலேயே என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். "ஊட்டா ஆயித்தா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டாச்சு என்றேன். போய்விட்டார். என் மனைவி பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். துடைத்தாள். மறுபடியும் ஏற்றினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எஸ்.ஐ. ஒரு காலையில் வந்தார். கான்ஸ்டபிள் பின்னால் நின்றார். நான் வேலைக்குப் போகாமல் இருந்தேன். ஆன்ட்டி முன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சர்ச்சுக்குப் போகிற புடவை கட்டியிருந்தார். எஸ்.ஐ. கன்னடத்தில்தான் கேட்டார், ஆன்ட்டியும் கன்னடத்தில்தான் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இவர் உங்க குடித்தனக்காரரா? எப்படி ஆளு?"

"பின்பக்கச் சுவரைச் சொல்லாமலே அடிச்சுக் குடுத்தான். முன்பக்கம் இன்னும் பாக்கி."

"சண்டை, தகராறு?"

"சண்டை போடணும்னா மொதல்ல பேசணும் சார். இவன் பேசவே மாட்டான். குழாய் ஒழுகுதுன்னு சொல்லவே ரெண்டு நாள் ஆகும்."

எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். "சந்தேகப்படற மாதிரி யாராவது இவரைப் பாக்க வர்றாங்களா?"

"ஒரே ஒரு ஆளு வர்றான்" என்றார் ஆன்ட்டி.

எஸ்.ஐ. நிமிர்ந்தார். என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு? எப்ப வருவான்?"

"வாராவாரம் வருவான். காக்கிச் சட்டை, பைக். ஷூவை இங்கதான் கழட்டி வெப்பான். காப்பி குடிப்பான். போன வாரம் குடிக்கல."

கான்ஸ்டபிள் தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை. எஸ்.ஐ. அவர் ஷூவைப் பார்த்தார். அப்புறம் ஆன்ட்டியைப் பார்த்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

"அவர் வர்றதுல உங்களுக்குத் தொந்தரவா அம்மா?"

"தொந்தரவா? அவர் வந்த பிறகுதான் என் கேட்டு முன்னாடி கார் நிக்கறதில்ல. நீங்க ஷீட்டை மூடுங்க. அவர் வர்றதை மூடிடாதீங்க."

எஸ்.ஐ. கையெழுத்து வாங்கினார். ஆன்ட்டி முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டார். எழுதாமல் விட்டிருந்த இடத்தில் கோடு போடச் சொன்னார். வக்கீலம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவர்கள் போனதும் ஆன்ட்டி என் மனைவியைக் கூப்பிட்டார். "மண்டியாவுக்குத் தத்து குடுத்தியா நீ?"

"ஆமா ஆன்ட்டி."

"சர்ச்ல யார் கேட்டாலும் அதையே சொல்லு. நான் மாத்திச் சொல்லமாட்டேன்."

பரணில் இருந்த பெட்டிகளை என் மனைவி பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள்.

ஷீட் மூடியதாக உத்தரவு வர நாளானது. வக்கீலம்மா போன் செய்து படித்துக் காட்டினார். "சந்தோஷமா அண்ணா?" என்றார். ஆமா என்றேன். "ஒரு வார்த்தைக்கு மேல சொல்லலாம்ணா, இப்ப எதிரா எடுத்துக்கமாட்டாங்க" என்றார். ரொம்ப ஆமா என்றேன்.

அந்த வாரம் கான்ஸ்டபிள் வரவேண்டிய அவசியம் இல்லை. காப்பி நேரத்துக்கு பைக் சத்தம் கேட்டது. நான் பழக்கத்தில் எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டேன்.

"இன்னும் எதுக்கு அங்க நிக்கற? பா, வந்து உட்காரு" என்றார்.

ஆன்ட்டி காப்பியோடு வந்தார். "ஏன், போட்டோ எடுக்கலையா?"

"இனிமே வேண்டாம் ஆன்ட்டி."

"இத்தனை நாள் எடுத்தீங்க, ஒண்ணாவது என்கிட்ட காட்டினீங்களா? எடுங்க. நானும் நிக்கறேன்."

ஆன்ட்டி நடுவில் நின்றார். என் மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பொண்ணு ஸ்கூல் பையைக் கழற்றாமல் வந்து முன்னால் நின்றாள். கான்ஸ்டபிள் கையை நீட்டித் தன் முகத்தையும் ஓரத்தில் சேர்த்துக்கொண்டார். எடுத்தார். விரல் தானாக ஓடியது. அனுப்பிவிட்டார். அப்புறம்தான் போனைப் பார்த்தார்.

"அய்யோ" என்றார். ஸ்டேஷன் குரூப்புக்குப் போய்விட்டது.

அழிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. எஸ்.ஐ. போட்டிருந்தார். கான்ஸ்டபிள் படித்துக் காட்டினார். நடுவில் நிற்கிற அம்மா யார், அவங்க பேர்ல ஷீட் இல்லையே, ஓப்பன் பண்ணிடலாமா என்று கேட்டிருந்தார்.

ஆன்ட்டி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"பண்ணிக்கச் சொல்லுங்க. ஆனா முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்."